கிருஷ்ணகிரி பிக்கப், காஷ்மீர்ப் பனி: டயரும் செயினும் தேர்ந்தெடுக்கும் வழி

கிருஷ்ணகிரியைத் தொட்டுக்கொண்டு ஓடும் நம் நெடுஞ்சாலைக்கு எண் 44. தெற்கே தருமபுரி, தொப்பூர், சேலம் என்று இறங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. வடக்கே ஓசூர், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், டெல்லி, ஜம்மு என்று ஏறி ஸ்ரீநகரைத் தொடுகிறது. புதிதாகப் பிக்கப் எடுத்த நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், "இதே ரோட்டில் போனால் காஷ்மீர்தானே அண்ணா, டிசம்பரில் ஒரு நடை குல்மார்க் போய் வரலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். நான் மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். ஆனால் டயர், செயின் பற்றிய முடிவை ஜம்முவில் போய் எடுக்கக் கூடாது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, இங்கேயே எடுத்துவிட வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்காக அதை வரிசையாகச் சொல்கிறேன்.

நாம் பனி என்று சொல்வது ஒன்று, அங்கே விழுவது வேறு. ஓசூரில் மார்கழி விடியலில் எதிரே வரும் வண்டி தெரியாமல் மூடுவது மூடுபனி. அது கண்ணை மறைக்கும், சாலையைப் பெரிதாக மாற்றாது. காஷ்மீரில் விழும் வெண்பனி சாலையையே மாற்றிவிடும். காலையில் பஞ்சு போலக் கிடக்கும். பத்து வண்டி ஏறிப் போனபின் அமுங்கிப் பலகை போலாகும். மதியம் மேலே கொஞ்சம் உருகி, இரவில் மறுபடி உறைந்து கண்ணாடியாகும். ஒரே சாலை ஒரு நாளில் மூன்று விதம். இதில் மிக மோசமானது, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி மேலே ஈரம் படிந்து நிற்கும் பனிக்கட்டி. கடுங்குளிரில் காய்ந்து இறுகிய பனிக்கட்டியில்கூட டயர் அதைவிடக் கொஞ்சம் பிடிக்கும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைக் காஷ்மீரில் 'சில்லை கலான்' என்கிறார்கள், பெருங்குளிர்க் காலம். முதல் பயணத்துக்கு அந்த நாற்பது நாள் வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, வண்டிக்கு வருவோம். உங்கள் பிக்கப்பில் எந்தச் சக்கரத்துக்கு இன்ஜின் சக்தி போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் தக்காளியும் மாங்காயும் ஏற்றும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின்சக்கரத்தால் ஓடுபவை. இன்ஜின் கனம் முழுவதும் முன்னால், பின்னால் வெறும் தொட்டி. லோடு இல்லாமல் போனால் வண்டியைத் தள்ள வேண்டிய சக்கரத்தின் மேலேயே கனம் இருக்காது. ராயக்கோட்டைச் சந்தைக்கு லோடு இறக்கிவிட்டு மழையில் காலி வண்டியாகத் திரும்பும்போது வளைவில் பின்புறம் லேசாக ஆடுமே, அதைப் பத்து மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள்.

4 வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு ஆபத்து. நான்கு சக்கரமும் தள்ளும்போது பனியில் வண்டி சுலபமாகக் கிளம்பிவிடும். அதை நம்பி வேகம் கூட்டுவார்கள். பிரேக் அடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரம்தான். நிறுத்துவதற்கு 4 வீல் டிரைவ் எந்த உதவியும் செய்யாது. நிற்க வைப்பது டயரின் ரப்பர் மட்டுமே.

அந்த ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் டயர்கள் வெயிலுக்காகச் செய்தவை. வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளத்துக்குள் பதியாது, மேலேயே வழுக்கும். பனிக்கால டயர் அந்தக் குளிரிலும் மெத்தென்றிருக்கும் கலவையில் செய்யப்படுகிறது. அதன் பட்டன்களில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகளில், கத்தியால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கவ்வும்.

அப்படியானால் அசல் பனிக்கால டயரையே நான்கு சக்கரத்துக்கும் போட்டுவிட்டால் தீர்ந்ததா? நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. இங்கிருந்து ஸ்ரீநகர் சுமார் 3,000 கி.மீ. அதில் பெரும்பகுதி காய்ந்த, சூடான தார் சாலை. மெத்தென்ற ரப்பர் அந்தச் சூட்டில் வேகமாகத் தேயும், வளைவில் அசையும், பிரேக்கும் தள்ளித்தான் பிடிக்கும். நான்கு நாள் பனிக்காக 6,000 கி.மீ. தவறான டயரில் ஓட்டுவது சரியில்லை. ஸ்ரீநகரிலேயே குடியிருப்பவருக்குச் சொல்லும் அறிவுரை நமக்குப் பொருந்தாது.

பிக்கப்புக்குக் கடையில் கிடைப்பவை மூன்று வகை. தார் சாலைக்கான ஹைவே டெரெய்ன், எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன், சேற்றுக்கான மட் டெரெய்ன். பார்க்க முரட்டுத்தனமாக இருப்பது மட் டெரெய்ன்தான், பிள்ளைகள் முதலில் கை வைப்பதும் அதில்தான். அது சேற்றுக்கு நல்லது. ஆனால் பெரிய பெரிய பட்டன்கள், நடுவில் மெல்லிய வெட்டுகள் குறைவு. அதனால் அமுங்கிய பனியிலும் கண்ணாடிப் பனியிலும் மோசமாக வழுக்கும். ஹைவே டெரெய்ன் போகும் வழிக்கு அருமை, பனியில் செயின் இல்லாமல் நகராது. நான் சொல்வது ஆல் டெரெய்ன். அதிலும் எல்லா ஆல் டெரெய்னும் இல்லை. டயரின் பக்கச்சுவரில் மூன்று சிகரம் உள்ள மலையும், அதற்குள் ஒரு பனித்துகள் படமும் அச்சிட்டிருக்க வேண்டும். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அந்த முத்திரை கொடுப்பார்கள். 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. அது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். பட்டன் அமைப்பை வைத்துப் போடுவது, சோதனை எதுவும் கிடையாது. கடைக்காரர் அந்த எழுத்தைக் காட்டி "இதுவே பனி டயர்தான்" என்றால் மலைப் படம் எங்கே என்று கேளுங்கள். பிஎஃப்குட்ரிச் கேஓ2, யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015 போன்றவற்றில் அந்த முத்திரை உள்ள அளவுகள் வருகின்றன. உங்கள் அளவில் இருக்கிறதா என்று டயரைக் கண்ணால் பார்த்தே வாங்குங்கள், பட்டியலை நம்ப வேண்டாம்.

பக்கச்சுவரில் இன்னும் மூன்று விஷயம் படிக்க வேண்டும். 265/65 ஆர்17 112 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 17 அங்குலம் ரிம். கடைசியில் உள்ள 112 சுமைக் குறியீடு, ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்று பொருள். அந்த எண் 100 என்றால் 800 கிலோதான். வண்டியோடு வந்த டயரின் சுமைக் குறியீட்டுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள். கார் டயர் அதே அளவில் மலிவாகக் கிடைக்கலாம். லோடு வண்டிக்கு அது எமன்.

அப்புறம் வயது. 'டிஓடி' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35வது வாரம் செய்தது. கடையில் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும். பனிக்குப் போகிறவர் இரண்டு ஆண்டுக்குள் செய்த டயராகக் கேட்டு வாங்கலாம், தப்பில்லை.

ஏற்கெனவே ஆல் டெரெய்ன் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பட்டன் ஆழத்தை அளந்து பாருங்கள். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் கட்டை 1.6 மி.மீ. உயரம். அதைத் தொட்டுவிட்டால் டயர் மாற்ற வேண்டும் என்பது சாதாரணச் சாலைக்கான கணக்கு. பனிக்கு அது பத்தாது, 4 மி.மீ.யாவது இருக்க வேண்டும். மேலும் நான்கும் ஒரே ரகமாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். நம் பக்கம் புது டயரை முன்னால் போட்டு, தேய்ந்ததையோ ரீட்ரெட் அடித்ததையோ பின்னால் தள்ளுவது வழக்கம். லோடு தொழிலில் செலவைப் பார்த்துச் செய்வது, புரிகிறது. பனியில் அப்படிப் போனால் முன்புறம் பிடிக்கும், பின்புறம் பிடிக்காது. வளைவில் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். ஸ்டெப்னியும் அதே அளவு இருக்கட்டும்.

பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்று அளவைக் கூட்டாதீர்கள். அகலமான டயர் பனியின் மேல் மிதக்கும், குறுகிய டயர் அறுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும். அதோடு டயர் பெரிதானால் உள்பக்கம் செயினுக்கு இடம் இருக்காது.

இப்போது செயின். பனிச் செயின் என்றால் என்ன என்று நம் விவசாயிகளுக்கு விளக்கவே தேவையில்லை. சேற்றுழவுக்கு டிராக்டரில் கேஜ் வீல் மாட்டுகிறோமே, வேலை அதேதான். ரப்பர் பிடிக்காத இடத்தில் இரும்பு பிடிக்கும். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் கெடும், சக்கரமும் கெடும். செயினுக்கும் அதே விதி. பனி தீர்ந்து தார் தெரிந்தால் ஓரங்கட்டிக் கழற்ற வேண்டியதுதான்.

செயினில் ஏணி வகை இருக்கிறது. டயரின் குறுக்கே படிகள் போல வரிசையாகக் கிடக்கும். விலை குறைவு, நேரே ஏறுவதற்கு நல்லது. ஆனால் பக்கவாட்டுச் சறுக்கலைக் குறைவாகவே தடுக்கும். வைர வகையில் செயின் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் அதன் ஏதாவது ஒரு கண்ணி எப்போதும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளைவிலும் பிடிக்கும், அதிர்வும் குறைவு. மலைப்பாதைக்குப் போகிற நாம் வைர வகை வாங்குவதே சரி. துணியால் செய்த உறைகளும் விற்கிறார்கள். லேசான காருக்கு ஒரு அவசரத்துக்கு ஆகும். பிக்கப்பின் கனத்துக்கும் அங்கங்கே தார் தெரியும் சாலைக்கும் அது சீக்கிரம் கிழியும். ரப்பர் பட்டையில் ஆணி வைத்து, ரிம்மைச் சுற்றி, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் போல இறுக்கும் பொருள் ஒன்று ஆன்லைனில் மலிவாக வருகிறது. குழியில் மாட்டிய வண்டியை வெளியே எடுக்க மட்டும் பயன்படும், ஓட்டிப் போக உதவாது.

அளவு விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். முதல் பயணத்துக்கு, "எல்லா பிக்கப்புக்கும் சேரும்" என்று சொல்லி விற்ற ஒரு செயினை வாங்கிப் பெட்டியைப் பிரிக்காமலே எடுத்துப் போனேன். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் போகும் வழியில் தங்மார்க் என்று ஒரு ஊர். அங்கிருந்துதான் ஏற்றம், சுமார் 13 கி.மீ. பனி விழுந்தால் செயின் இல்லாத வண்டியைப் போலீஸ் அங்கேயே நிறுத்திவிடும். நானும் ஓரங்கட்டி செயினை எடுத்து டயரில் போர்த்தினேன். பின்பக்கக் கொக்கி சேரவே இல்லை, இரண்டு கண்ணி குறைவு. கையுறையைக் கழற்றி முக்கால் மணி நேரம் இழுத்தேன். விரலில் உணர்வே போய்விட்டது. கடைசியில் உள்ளூர்க்காரர் ஒருவர் வாடகைச் செயின் கொண்டுவந்து ஐந்தே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தார். அன்றைக்குக் கற்றது இதுதான்: பெட்டியின் மேல் உங்கள் டயர் அளவு அப்படியே அச்சிட்டிருக்க வேண்டும். 265/65 ஆர்17 என்றால் அதே எண், ஏறக்குறைய என்ற பேச்சே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்து, பின் டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எல்லாவற்றுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? செயினின் கனம் 12 மி.மீ., 16 மி.மீ. என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த அளவுக்கு மேல் தாராளமாக இடம் வேண்டும். லோடு ஏற்றினால் பட்டை அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? பின்சக்கரத்தால் ஓடும் பிக்கப்புக்குப் பின்னால் இரண்டும். 4 வீல் டிரைவ் வண்டிக்கு நான்கிலும் போட்டால் ஏற்றம், இறக்கம், திருப்பம் மூன்றும் வசப்படும். ஒரே ஜோடிதான் இருக்கிறது என்றால் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பிக்கப்புகளுக்குப் பெரும்பாலும் பின்சக்கரம் என்றே போட்டிருக்கும். இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று எப்போதும் ஜோடியாகவே. ஒரு பக்கம் மட்டும் மாட்டி ஓட்டுவது ஆபத்து.

வாங்கிவந்த அன்றைக்கே வீட்டு வாசலில் மாட்டிப் பழகுங்கள். பகலில் மூன்று தடவை, இருட்டில் கையுறை போட்டுக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் இரண்டு தடவை. செயினைத் தரையில் விரித்து முறுக்கு இல்லாமல் நீவிவிட வேண்டும். கொக்கிகளின் வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கச்சுவரைக் குத்தும். டயருக்குப் பின்னால் கைவிட்டு உள்பக்க வளையத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, முதலில் அதைப் பூட்டுங்கள். பிறகு செயினை டயர் மேல் சமமாகப் பரப்பி வெளிப்பக்கக் கொக்கியை மாட்டுங்கள். கடைசியாக இழுப்புச் செயினையோ ரப்பர் இழுவையையோ இறுக்குங்கள். தரையில் அழுந்தியிருக்கும் பகுதி சேரவில்லை என்றால் வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மறுபடி இழுக்கலாம். ஜாக்கி போடத் தேவையில்லை. வழுக்கும் தரையில் ஜாக்கி போடவே கூடாது. மாட்டியபின் ஏரிக்கரை மண்ணிலோ உழுத நிலத்திலோ நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கலைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். முதல் நூறு மீட்டரில் செயின் தன் இடத்தில் உட்கார்ந்து தளர்ந்துவிடும். தளர்ந்த முனை ஒவ்வொரு சுற்றுக்கும் மட்கார்டை அடிக்கும், அப்புறம் பிரேக் ஹோஸைத் தேடிப் போகும்.

பயணத்தில் செயினை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். ஏற்றத்தில் பாதி ஏறி, சக்கரம் சுற்றத் தொடங்கியபின் மாட்ட நினைத்தால் பின்னால் வரும் வண்டிக்கு நீங்கள் இரையாவீர்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன், சமதளமான, அகலமான இடத்தில் மாட்டுங்கள். ஜம்முவிலிருந்து போகும்போது பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் வரும், 8.45 கி.மீ. நீளம். இந்தப் பக்கம் காய்ந்த சாலையில் நுழைந்து அந்தப் பக்கம் வெண்பனியில் வெளியே வரலாம். சுரங்க வாயில், பாலம், வெயில் படாத வளைவு ஆகிய மூன்று இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனி இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குல்மார்க்குக்குப் பதில் மணாலிப் பக்கம் போனாலும் கதை அதேதான். பனி விழுந்த நாளில் 9.02 கி.மீ. அடல் சுரங்கத்துப் பக்கம் 4 வீல் டிரைவ் வண்டியையும் செயின் மாட்டிய வண்டியையும்தான் விடுவார்கள்.

காற்று: வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் சுமார் ஒரு பவுண்டு குறையும். இங்கே 30 டிகிரியில் அடித்த காற்று, பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் ஸ்ரீநகர் விடியலில் ஆறு பவுண்டு வரை குறைந்திருக்கும். மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்று அளக்கும் கேஜ் கொஞ்சம் கூட்டியும் காட்டும். மனக்கணக்கு வேண்டாம். ஒரு கேஜும் சின்னக் கம்ப்ரசரும் வண்டியில் வைத்துக்கொண்டு, காலையில் ஓட்டுவதற்கு முன் அளந்து, கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். மணலில் செய்வது போலக் காற்றை இறக்கினால் செயின் தளர்ந்துவிடும்.

காலி வண்டி என்றால் நான்கைந்து மணல் மூட்டை ஏற்றுங்கள், நூறு, நூற்றைம்பது கிலோ. பின் ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பின்கதவை ஒட்டி வைத்தால் முன்புறம் தூக்கி ஸ்டியரிங் பிடிக்காது. கட்டாமல் விட்டால் பிரேக் அடிக்கும்போது மூட்டை கேபினைத் தேடி வரும். சக்கரம் மாட்டிக்கொண்ட இடத்தில் அதே மணலை டயருக்கு அடியில் தூவலாம்.

ஓட்டும் விதம். செயினோடு மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். மலைப்பாதையில் நான் 30க்கு மேல் போவதில்லை. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கி, பிரேக் சூடேறிப் போய்க் கவிழ்ந்த லாரிகளை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். பனி இறக்கத்திலும் கியரில்தான் இறங்க வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கியரை இறக்கத்தின் உச்சியிலேயே போட்டுவிடுங்கள். பாதி வழியில் மூன்றிலிருந்து இரண்டுக்குச் சடாரென்று இறக்கினால் இன்ஜின் இழுப்பு முழுவதும் பின்சக்கரத்தில் விழும், அது வழுக்கும். பின்புறம் நழுவுவதாகத் தெரிந்தால் பிரேக்கை விட்டுவிட்டு, கிளட்சை அமுக்கி, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். முன்னால் போகும் வண்டிக்கு, நம் நெடுஞ்சாலையில் விடும் இடைவெளியைப் போல ஐந்து மடங்கு விடுங்கள். யாராவது ஹாரன் அடித்தால் வழிவிட்டுவிட வேண்டியதுதான்.

இரவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், ஈரம் உறைந்து காலையில் விடாது. கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் முட்டு கொடுங்கள். டீசலை அந்தக் குளிர்ப் பகுதியிலேயே நிரப்புங்கள். நம் ஊர் டீசல் கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். கூலண்டையும் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள், வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் உறைந்து இன்ஜினில் விரிசல் விழவைக்கும். ஜம்மு–ஸ்ரீநகர் சாலை பனியிலும் மண்சரிவிலும் அடிக்கடி மூடப்படும். போக்குவரத்துப் போலீஸ் அறிவிப்பைப் பார்க்காமல் ஜம்முவிலிருந்து கிளம்பாதீர்கள்.

திரும்பி வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவிக் கொடியில் தொங்கவிடுங்கள். பையில் ஈரத்தோடு கட்டி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துக் கண்ணி கண்ணியாக உதிரும். பின் டயர்களைக் கழற்றி உள்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் எல்லோருக்கும் தெரியும், செயின் உரசிய தழும்பு உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. மேலோட்டமான கீறல் என்றால் பரவாயில்லை. உள்ளே நூல் தெரிந்தால் அந்த டயரை ஸ்டெப்னியாகக்கூட வைக்காதீர்கள்.